போட்டோ ரிஜெக்ட் ஆச்சா? லென்ஸுக்கு இ.எம்.ஐ போடுறதுக்கு முன்னாடி இந்த ஆடிட்டைப் பண்ணுங்க



சிஏ முடிச்சு முதல் வேலையில சேர்ந்த புதுசு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு 24 மெகாபிக்சல் கேமரா வாங்கினேன், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். அஞ்சறைப்பெட்டி, ஃபில்டர் காபி, கால்குலேட்டர் பக்கத்துல ரூபாய் நோட்டுனு 40 படம் எடுத்து ஒரு ஸ்டாக் போட்டோ ஏஜென்சிக்கு அனுப்பினேன். 31 ரிஜெக்ட். பெரும்பாலானதுக்கு ஒரே காரணம்: ஷார்ப்பா இல்லை.

அன்னைக்கு ராத்திரியே 45,000 ரூபாய் லென்ஸ் ஒண்ணு கார்ட்டுக்குப் போயாச்சு. 12 மாச "நோ காஸ்ட்" இ.எம்.ஐ, மாசம் 3,750. பட்டனை அழுத்தப் போறப்பதான் ஒண்ணு தோணுச்சு. ஆபீஸ்ல வவுச்சர் பார்க்காம ஒரு என்ட்ரியும் பாஸ் பண்ண மாட்டேன். சொந்தக் காசுக்கு மட்டும் ஏன் பார்க்கலை?

வவுச்சர் உங்க படத்துக்குள்ளேயே இருக்கு

ஒவ்வொரு படத்துலயும் ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகியிருக்கும். படத்தோட ப்ராப்பர்ட்டீஸ்ல பார்க்கலாம். அப்புறம் படத்தை 100% ஜூம் பண்ணுங்க. போன் ஸ்க்ரீன்ல சின்னதா பார்த்தா எல்லாப் படமும் ஷார்ப்பாதான் தெரியும். தவறு எங்கேன்னு 100%-லதான் தெரியும்.

1. படம் முழுக்க ஒரே திசையில இழுபட்ட மாதிரி இருந்தா, கை ஆடியிருக்கு.
2. முன்னாடி இருக்கிற ஸ்பூன் ஷார்ப், காபி டம்ளர் மங்கல்னா, ஃபோகஸ் தப்பான இடத்துல விழுந்திருக்கு.
3. பின்னணி ஷார்ப், ஆள் மட்டும் மங்கல்னா, அவர் அசைஞ்சிருக்கார்.
4. தோல், துணியெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருந்தா, நாய்ஸ் ரிடக்ஷன் அதிகம். ராத்திரி போன்ல எடுத்த படங்கள்ல இது சகஜம்.
5. நடுவுல ஷார்ப், ஓரங்கள் மட்டும் மங்கல்னா, அப்போ லென்ஸைச் சந்தேகப்படலாம்.

என் 31 படத்தையும் இப்படிப் பிரிச்சேன். 17 படத்துல கை ஆடியிருக்கு, 6-ல ஃபோகஸ் தப்பு, 5-ல நாய்ஸ் ரிடக்ஷன். லென்ஸ் மேல பழி போட முடிஞ்சது வெறும் 3 படத்துக்கு!

செலவில்லாத திருத்தங்கள்

கையில பிடிச்சு எடுத்தா, ஷட்டர் ஸ்பீடு குறைஞ்சது 1/ஃபோக்கல் லெங்த் இருக்கணும்கிறது பழைய கணக்கு. சின்ன சென்சார் கேமராவுல அதை 1.5-ஆல பெருக்கிக்கங்க. 55 எம்எம்-க்கு 1/80 வரும். நான் 1/125-க்குக் கீழ போறதில்லை. அசையாத பொருளா? டிரைபாட்ல வச்சு, 2 செகண்ட் டைமர் போடுங்க. என் டிரைபாட் 1,200 ரூபாய்தான்.

அப்பர்ச்சரை எஃப்/8 பக்கம் வைங்க. பெரும்பாலான கிட் லென்ஸ்கள் அங்கேதான் நல்லா வேலை செய்யும், ஓரங்களும் தெளியும். ஃபோகஸ் எங்கே விழணும்னு கேமராவை முடிவு பண்ண விடாதீங்க, ஒரே ஒரு பாயிண்டை நீங்களே வைங்க.

லேசா மட்டும் மங்கலா இருக்கிற படத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ரெண்டுலயும் குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல். 6000×4000 படத்தை 3000×2000-ஆ சுருக்கினாலும் 6 மெகாபிக்சல் இருக்கும், மங்கலும் குறைஞ்சு தெரியும். ஆனா ஷார்ப்னஸ் ஸ்லைடரை இழுத்துத் தள்ளாதீங்க. விளிம்புல வெள்ளைக் கோடு வந்து, அதுக்கும் ரிஜெக்ட் ஆகும்.

அடுத்து அனுப்பின 30-ல 22 ஓகே ஆச்சு. அதே கேமரா, அதே லென்ஸ்.

இப்போ காசுக் கணக்கு

ஒரு டவுன்லோடுக்கு சராசரியா 30 ரூபாய் வருதுனு வச்சுக்குவோம். 45,000 ரூபாய் லென்ஸோட அசலை மட்டும் எடுக்கவே 1,500 டவுன்லோடு வேணும். நோ காஸ்ட்னு சொன்னாலும் பிராசசிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டினு கையை விட்டு ஏதாவது போகும். அந்த முதல் வருஷம் எனக்கு வந்தது ஏறக்குறைய 3,700 ரூபாய். அதாவது, ஒரு மாச இ.எம்.ஐ-க்குக் கூட கொஞ்சம் பத்தாது.

"வரியில கழிச்சுக்கலாம் சார்"னு சொல்லுவீங்க. இதை பிசினஸ் வருமானமா காட்டினா, கேமரா, லென்ஸுக்கு வருஷத்துக்கு 15% தேய்மானம் உண்டு. வாங்கின வருஷம் 180 நாளுக்குக் கம்மியா பயன்படுத்தினா அதுல பாதி. 45,000-க்கு முழு வருஷத் தேய்மானம் 6,750. ஆனா பிசினஸ் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. வருமானம் 3,700-னா, அந்த வருஷம் அந்த 3,700-க்குத்தான் வரி மிச்சம். 20% ஸ்லாப்ல 740 ரூபாய். அதுக்காக 45,000 செலவா?

இன்னும் மூணு விஷயம் மறக்காதீங்க:

- அமெரிக்க ஏஜென்சின்னா டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்புங்க. நிரப்பலைன்னா அமெரிக்காவுல விற்கிற படங்களோட ராயல்டியில 30% பிடிப்பாங்க. பான் நம்பர் கொடுத்து வரி ஒப்பந்தச் சலுகை கேட்டா 15%.
- சின்னத் தொகைதானேன்னு விட்டுடாதீங்க. வெளிநாட்டு வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. பிசினஸா காட்டினா ஐடிஆர்-3. அங்கே பிடிச்ச வரிக்கு இங்கே கிரெடிட்டும் கேட்கலாம்.
- ஆபர் லெட்டர்ல வேற வேலை செய்யக் கூடாதுனு ஷரத்து இருக்கானு ஒரு தடவை படிச்சிடுங்க.

லென்ஸ் எப்போ வாங்கலாம்?

நான் எனக்கே ஒரு ரூல் வச்சுக்கிட்டேன்: படம் வித்த காசுலதான் அடுத்த கியர், சம்பளத்துல இருந்து ஒரு ரூபாய் கிடையாது. அப்படிச் சேர்த்து மூணாவது வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 50 எம்எம் வாங்கினேன். இ.எம்.ஐ இல்லை.

பொழுதுபோக்குக்காக ஆசைப்பட்டு வாங்குறீங்களா? தாராளமா வாங்குங்க, ஆனா அதைச் செலவுன்னே எழுதுங்க. "முதலீடு"னு எழுதணும்னா, கடைசியா ரிஜெக்ட் ஆன 20 படத்தை இன்னைக்கு ராத்திரி 100%-ல திறந்து பாருங்க. எத்தனை படத்துல தப்பு லென்ஸோடது, எத்தனைல நம்ம கையோடதுன்னு எண்ணிக் கமென்ட்ல போடுங்க.