வெப்கேமை இரவில் சோதியுங்கள்

வெப்கேம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது பெட்டியில் அச்சிட்ட எண்களைத்தான்: 1080, நொடிக்கு 30 ஃபிரேம். வீட்டுக்குக் கொண்டுவந்து பகலில் ஜன்னலோரம் மாட்டிப் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. இரவில், வெளியூரில் இருக்கும் மகளோடு பேச உட்காரும்போது, அதே கேமரா முகத்தில் மணல் தூவியதுபோல் காட்டுகிறது. தலையைத் திருப்பினால் காது கன்னத்தோடு கலைந்து இழுபடுகிறது. கேமரா கெட்டுப்போகவில்லை. பெட்டியில் போட்ட எண்ணும் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அந்த எண் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. வீட்டு வெப்கேமை எடைபோட வேண்டியதோ, வெளிச்சம் குறையும்போது அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான்.

நடுப்பகல் வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் நம் முகத்தில் விழுவது 100 லக்ஸை ஒட்டியே இருக்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! கண்ணும் மூளையும் அதைச் சரிக்கட்டிவிடுவதால் நமக்கு உறைப்பதில்லை. வெப்கேமின் சென்சாருக்கு அந்த வரம் கிடையாது. அதன் ஒவ்வொரு பிக்சலும் சில மைக்ரான் அகலமே உள்ளது; தன்மேல் விழும் ஒளித்துகள்களை, அதாவது ஃபோட்டான்களை, அது அளந்து சொல்கிறது. ஃபோட்டான்கள் ஒரே சீராக வந்து விழுவதில்லை. சராசரியாக 10,000 விழுகிற இடத்தில் 100 கூடும், குறையும். ஒரு சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 ஆகக் குறைந்தால் ஏற்ற இறக்கம் 10. அது பத்து சதவீதம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு. ஒரே நிறத்தில் இருக்கும் சுவரில்கூட அடுத்தடுத்த பிக்சல்கள் வெவ்வேறு கணக்குச் சொல்வது இதனால்தான். பொறியாளர்கள் இதை இரைச்சல் என்பார்கள். எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் இந்த இயற்பியலை மீற முடியாது. அதிக ஃபோட்டான்களைப் பிடிக்கப் பெரிய சென்சாரும் அகலமான லென்ஸ் துளையும் வேண்டும். அதே சிறிய சென்சாரில் பிக்சல்களை நெருக்கி அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறையத்தான் செய்யும்.

வெளிச்சம் போதாதபோது கேமரா ஒரு வேலை செய்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால், ஒரு ஃபிரேமுக்கு ஒளி சேர்க்க அதிகபட்சம் 33 மில்லிநொடிதான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பல வெப்கேம்கள் நம்மிடம் சொல்லாமலேயே 15 ஃபிரேமுக்கு இறங்கிவிடுகின்றன. படம் பிரகாசமாகிவிடும். ஆனால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசையும் கை, ஒரு ஃபிரேமுக்குள் ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அத்தனை நீளத்துக்கும் அது கோடாக இழுபடும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கைபேசியின் திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, மார்புயரத்தில் வெப்கேமுக்குக் காட்டிப் பத்து நொடி பதிவுசெய்யுங்கள். பகலில் ஒருமுறை, அதே நாற்காலியில் இரவில் ஒருமுறை. விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து, ஆங்கில ‘இ’ விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஒரு நொடிக்குள் எத்தனை வெவ்வேறு படங்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். இலக்கம் கலங்கித் தெரிந்தாலும் பரவாயில்லை, மாறியதா இல்லையா என்பது புரிந்துவிடும். ‘வெவ்வேறு’ என்பதுதான் இங்கே முக்கியம். கோப்பின் விவரத்தில் 30 என்றே இருக்கும். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டு முறை அப்படியே நிற்கலாம். மென்பொருள் ஒரே படத்தைத் திரும்ப எழுதிக் கணக்கை நிரப்பியிருக்கிறது என்று பொருள். வெப்கேம் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காசு செலவில்லை, கருவி வேண்டாம், பதிலும் எண்ணாகவே கைக்கு வந்துவிடுகிறது.

இரவுப் பதிவில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் மெல்ல ஊர்ந்தால் அதற்குக் காரணம் வேறு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. சென்சார் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிப்பதால், சில வரிகள் மங்கலில் மாட்டுகின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. கேமரா அந்த அமைப்பிலேயே இருந்தால் இங்கே பட்டை விழும். கேமராவின் அமைப்புகளில் பவர்லைன் ஃப்ரீக்வென்ஸி அல்லது ஃபிளிக்கர் என்ற இடத்தில் 50ஐத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அடுத்தது முகம். இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தானாக ஒளியளவைத் தீர்மானிக்கும் கேமராக்கள், காட்சியின் சராசரி நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டும் என்ற அனுமானத்தில் வளர்ந்தவை. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. பின்னால் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று கேமரா முடிவுகட்டி எல்லாவற்றையும் மங்கலாக்குகிறது. மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும் கண்ணும் மூக்கும் தெரியாத நிழலாகிவிடுகிறார்கள். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் சக ஊழியர்கள் இருவர் யூடியூபில் ஒரு காணொளி ஏற்றினார்கள். எச்பி கணினியின் வெப்கேம், வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தைப் பின்தொடர்ந்து திரும்பியது; கறுப்பின ஆணின் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணுக்கும் மேல் கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை வைத்து மென்பொருள் முகத்தை அறிகிறது, முன்பக்க வெளிச்சம் போதாவிட்டால் அது திணறும் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இப்போதைய மென்பொருள்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஆனாலும் வெள்ளைத் தோல் விளம்பரப் பெண்ணின் முகத்தில் அழகாக வந்த படம் நம் வீட்டில் அப்படியே வரும் என்று நம்பக் கூடாது. வீட்டில் பேசப் போகிற எல்லோரையும், நிறம் வேறுபட்டவர்களைப் பக்கத்தில் பக்கத்தில், உட்காரவைத்துப் பதிவுசெய்து பாருங்கள். பாட்டியின் முகபாவம் தெரிகிறதா, கறுத்த தலைமுடியில் இழை தெரிகிறதா என்று கவனியுங்கள்.

கூர்மைக்கு ஒரு நாளிதழ் போதும். பக்கத்தை விரித்துக் கையெட்டும் தொலைவில் பிடித்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா பாருங்கள். மலிவு வெப்கேம்கள் பலவற்றில் ஃபோகஸ் நிலையானது. முகத்துக்குச் சரியாக இருக்கும், கிட்டே காட்டும் பாடப்புத்தகம் மங்கிவிடும். ஆன்லைன் வகுப்புக்கு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் என்று பெட்டி பெருமை பேசினால், சிறிய படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறதா என்று சந்தேகப்படலாம். அப்படி ஊதிய படத்தில் எழுத்து பெரிதாகும், தெளிவு கூடாது. சொல்லப்போனால் நேர்மையான கேமராவிலும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில் பாதிப் பிக்சல்கள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே பார்க்கின்றன. மற்ற இரு நிறங்களை ஒவ்வொரு பிக்சலும் அக்கம்பக்கத்திடம் கேட்டுத்தான் நிரப்பிக்கொள்கிறது.

எழுத்தின் ஓரங்களில் சிறு சிறு சதுரங்கள் தெரிந்தால், அது லென்ஸின் குற்றமில்லை. 1080 படம் ஒன்றில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 2 பைட், நொடிக்கு 30 படம் என்று கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 100 கோடி பிட். யுஎஸ்பி 2.0 கம்பியின் உச்ச வேகமே 48 கோடிதான். அதனால் கேமராவுக்குள்ளேயே ஜேபெக் முறையில் சுருக்கி அனுப்புகிறார்கள். அந்த முறை படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டுகிறது. சுருக்கம் மிகும்போது வெட்டிய தடம் தெரிந்துவிடுகிறது.

இவ்வளவும் நம் கணினியில் பார்த்தது. எதிர்முனையில் இருப்பவருக்குப் போவது, இணையத்துக்காக இன்னொரு முறை சுருக்கிய படம். அந்தச் சுருக்கம் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பிச் சிக்கனம் பிடிக்கிறது. இரைச்சலோ ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் பிக்சலையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. முகத்துக்குப் போக வேண்டிய பிட்கள் சுவரின் புள்ளிகளுக்குப் போய்விடுகின்றன. ஆகவே கடைசிச் சோதனையை உண்மையான அழைப்பிலேயே செய்யுங்கள். அறை விளக்கில் மட்டும் ஒருமுறை, திரைக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கை முகத்தைப் பார்த்து வைத்து ஒருமுறை பேசி, இரண்டு சமயத்திலும் எதிர்முனையில் இருப்பவரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளக்கு வைத்ததும் படம் தேறினால் இந்தக் கேமராவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விளக்கு வைத்தும் தேறவில்லையென்றால், திருப்பிக்கொடுக்கும் தவணை முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.