சாவியைத் திறந்த பின் மின்தேக்கியில் நடப்பது என்ன?

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்களில் மும்முனை மின்சாரத்தில் ஓடும் பம்புசெட்டுகள் உண்டு. சில மோட்டார் அறைகளில் ஸ்டார்ட்டருக்கு அருகே சிறு தகரப் பெட்டி ஒன்று இருக்கும். திறன் காரணியை உயர்த்துவதற்காகப் பொருத்திய மின்தேக்கி அது. கண்டென்சர் என்பது பேச்சு வழக்கு. மோட்டாரை நிறுத்தி, மெயினை அணைத்து, பீஸ் கட்டைகளையும் பிடுங்கி வைத்துவிட்டால் இனி எதைத் தொட்டாலும் பயமில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். மின்தேக்கி இருக்கும் இடத்தில் இந்த எண்ணம் ஆபத்தானது. ஏன் என்பதை ஒரு சிறு மின்சுற்றைக் கொண்டு பார்ப்போம்.

12 வோல்ட் மின்கல அடுக்கு, ஒரு சாவி, 10 கிலோ ஓம் மின்தடை, 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றைத் தொடராக இணைத்திருப்பதாகக் கொள்வோம். மின்தேக்கிக்குப் பக்க இணைப்பில் 40 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் உள்ளது. சாவியை மூடினால் கால மாறிலி எவ்வளவு? மின்தேக்குத்திறனை மின்தடையால் பெருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் எந்த மின்தடையால்? 10 கிலோ ஓமைக் கொண்டு பெருக்கி, 1 வினாடி என்று எழுதிவிடும் மாணவர்கள் பலர்.

மின்தேக்கியின் இரு முனைகளில் நாமே நின்றுகொண்டு சுற்றைப் பார்ப்பதாக எண்ண வேண்டும். மின்கல அடுக்கு தன் மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே மாற்றங்களைப் பொறுத்தவரை அது வெறும் கம்பிக்குச் சமம். அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு கம்பியை வைத்தால், 10 கிலோ ஓமும் 40 கிலோ ஓமும் பக்க இணைப்பில் இருப்பது புலப்படும். தொகுபயன் மின்தடை 8 கிலோ ஓம்; கால மாறிலி 0.8 வினாடி.

மின்தடை ஒன்றைக் கூடுதலாக வைத்தும் வேகம் கூடியது எப்படி என்று கேட்கலாம். உண்மையில் வேகம் கூடவில்லை. தொடக்கத்தில் மின்தேக்கி வினாடிக்கு 12 வோல்ட் வீதமே ஏறுகிறது. ஆனால் அது சென்றடைய வேண்டிய உயரம் 12 வோல்ட் அன்று, 9.6 வோல்ட்தான். இலக்கு தாழ்ந்ததால் காலமும் குறைந்தது.

இப்போது சாவியைத் திறப்போம். மின்கல அடுக்கும் 10 கிலோ ஓமும் காட்சியிலிருந்தே மறைந்துவிடுகின்றன. மின்தேக்கி காண்பது 40 கிலோ ஓம் மட்டுமே. கால மாறிலி 4 வினாடி. அதே மின்தேக்கிதான், ஆயினும் ஏறுவதற்கு ஒரு காலம், இறங்குவதற்கு அதைப்போல் ஐந்து மடங்கு காலம். சாவியின் நிலை மாறும்போதெல்லாம் தொகுபயன் மின்தடையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மோட்டார் அறைக்குத் திரும்புவோம். மின்தேக்கியை மோட்டாரின் முனைகளிலேயே இணைத்திருந்தால், மின்சாரம் நின்றதும் மின்னூட்டம் வடிய மோட்டாரின் சுருள்களே வழியாகின்றன. மெயினுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே இணைத்திருந்தால் அந்த வழி இல்லை. இங்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சாவியைத் திறக்கும்போது தோன்றும் பொறி, மின்னோட்டம் சுழியாகும் கணத்தில் அணைகிறது. மின்தேக்கியில் அந்தக் கணத்தில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்! 415 வோல்ட் இணைப்பில் அந்த உச்சம் ஏறக்குறைய 587 வோல்ட்.

2 கிலோவார் மின்தேக்கிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே முக்கோண இணைப்பில் மூன்று மின்தேக்கிகள். ஒவ்வொன்றும் சுமார் 12.3 மைக்ரோ ஃபாரட். இத்தகைய மின்தேக்கிகள் 3 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் குறைய வேண்டும் என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதி. 587-ஐ 75-ஆல் வகுத்து இயல் மடக்கை கண்டால் 2.06 கிடைக்கும். 180 வினாடியை இதனால் வகுத்தால், கால மாறிலி 87 வினாடிக்கு மிகக் கூடாது என்றாகிறது. எனவே ஒவ்வொரு மின்தேக்கிக்கும் பக்கத்தில் சுமார் 7 மெகா ஓம், அல்லது அதற்கும் குறைந்த மின்தடை வேண்டும்.

500 கிலோ ஓம் வைத்தால் கால மாறிலி 6 வினாடியாகச் சுருங்கும். 13 வினாடியில் 75 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதற்காக, மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு மின்தடையிலும் 0.34 வாட் வெப்பமாக வீணாகும். சிறிய விலைதான்.

இந்த மின்தடை முறிந்துபோனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மின்தேக்கியும் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும். மெயினை அணைத்ததும் மின்தேக்கி காண்பது தன் காப்புப் படலத்தின் மின்தடையை மட்டுமே. நல்ல பாலிபுரோப்பிலீன் படலமானால் கால மாறிலி பல ஆயிரம் வினாடி. காலையில் பீஸ் கட்டையைப் பிடுங்கியவர் மதியச் சாப்பாடு முடித்து வந்து தொட்டாலும் அதிர்ச்சி காத்திருக்கும். தேங்கியிருப்பது 2 ஜூல் ஆற்றல்தான். ஆனால் கிணற்று விளிம்பில் நிற்பவர் கையை உதறிப் பின்வாங்க அது போதும். ஆகையால் மின் பணியாளர் சில நிமிடங்கள் காத்திருப்பதோடு நில்லாமல், முனைகளுக்கிடையே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். அழுத்தம் இறங்காமல் நின்றால், காப்பிட்ட பிடியுள்ள கம்பிகளால் தக்க மின்தடை ஒன்றை இணைத்து வடித்துவிட்டு, மறுபடியும் அளந்த பின்பே கை வைக்கிறார்.