வால்யூம் எகிறினா வாங்கலாமா? சங்கர் நகர் நிறுவனம் சொல்லும் பாடம்

நெல்லை சங்கர் நகரில் 1949-ல் முதல் ஆலையைத் தொடங்கிய நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸ். 2024 ஜூன் 27 அன்று அதன் பங்கு விலையும் வால்யூமும் சேர்ந்து எகிறின. காரணம், சுமார் 7 கோடி பங்குகளை, அதாவது 23 சதவீதத்தை, அல்ட்ராடெக் வாங்க முடிவெடுத்ததுதான்.

இதை இண்டிகேட்டர் எப்படிப் பார்க்கும்? 1963-ல் ஜோசப் கிரான்வில் பிரபலமாக்கிய ஆன் பேலன்ஸ் வால்யூம் (ஓபிவி) கணக்கு ரொம்ப சிம்பிள். குளோசிங் விலை நேற்றைவிட அதிகமா? அன்றைய மொத்த வால்யூமையும் கூட்டணும். குறைவா? கழிக்கணும். கோடு ஏறினால் வாங்கும் அழுத்தம், இறங்கினால் விற்கும் அழுத்தம்.

சிக்கல் என்னன்னா, வாங்கியது யார் என்று ஓபிவிக்குத் தெரியாது. ஒரே பெரிய கை வாங்கினாலும், பல்லாயிரம் பேர் வாங்கினாலும் கோடு ஒரே மாதிரிதான் ஏறும்.

அதனால் சம்பளப் பணத்தைப் போடும் முன் மூன்றைப் பாருங்க:

• என்எஸ்இ தளத்தில் அன்றைய பல்க், பிளாக் டீல் பட்டியல்.

• டெலிவரி சதவீதம். இது குறைவு என்றால், அன்றே வாங்கி அன்றே விற்றவர்கள் அதிகம்.

• கோடு ஒரே நாளில் தாவியதா, பல நாளாக ஏறுகிறதா? ஒருநாள் தாவல் மட்டும் என்றால் அவசரப்படாதீங்க.