தலைகீழ் மலை

மலையேற்றம் என்றால் நமக்குப் பழக்கமானது ஒன்றே: அடிவாரத்தில் தொடங்கி உச்சிக்கு ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். ஆஸ்திரேலியாவின் நீலமலைத் தேசியப் பூங்காவில் இது தலைகீழ். ஆய்வின் பொருட்டுச் சிட்னி சென்றிருந்த நான், சென்ற அக்டோபரில் இதை என் கால்களாலேயே கற்றுக்கொண்டேன்.

சிட்னிக்கு மேற்கே 1959-இல் அமைந்தது இப்பூங்கா. பெயர்தான் மலை, உண்மையில் அது மணற்கல் மேட்டுநிலம். ஆறுகள் நெடுங்காலமாக அறுத்து அறுத்து அதில் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. ஊரும் இரயிலும் மேலே; காடும் ஆறும் கீழே. ஆகவே நடை இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடியும்.

நண்பரும் நானும் பெரீஸ் லுக்டவுன் என்னுமிடத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இறங்கிப் புளூ கம் காட்டை அடைந்தோம். நெடிதுயர்ந்த தைலமரங்கள்! 1931-இல் குத்தகைதாரர் ஒருவர் இவற்றை வெட்ட இருந்தார். நடைப்பயணிகள் சிலர் பணம் திரட்டி, 130 பவுன் கொடுத்து, காட்டைக் காப்பாற்றினர். இன்று அக்காட்டினுள் கூடாரம் அடிக்கலாகாது. அருகிலுள்ள அக்கேசியா பிளாட்டில் தங்கலாம்.

விறகுத் தீயும் அங்கே கூடாது. தைலமர இலையின் எண்ணெய் எளிதில் பற்றிக்கொள்ளும். அவ்வெண்ணெயின் ஆவியே மலைக்கு நீல நிறம் தருகிறது என்பர். 2019-20 காட்டுத்தீயில் அப்பகுதி உலக மரபுரிமைக் காடுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு தீக்கிரையாயிற்று. ஆகவே சிறு காஸ் அடுப்பிலேயே சமைத்தோம்.

மறுநாள்தான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. இறங்கும்போது ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதையே கணக்காகக் கொண்டு, ஓடை நீரைக் காய்ச்சி ஒவ்வொரு புட்டியே நிரப்பிக்கொண்டோம். பாதி ஏற்றத்தில் புட்டிகள் காலி. வெயில் சுட்டது. நண்பருக்குத் தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக, இறங்கி வந்த முதியவர் ஒருவர் தம் தண்ணீரைப் பகிர்ந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “நீங்கள் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?”

ஒருவருக்கும் தெரியாது. அக்கேள்விக்கு எங்களால் விடை சொல்ல இயலவில்லை.

செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுக்க அங்கே படிவம் உண்டு. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் சிறு கருவியையும் நடப்பவர்களுக்கு இலவசமாக இரவல் தருகிறார்கள். இரண்டையும் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

இமயச் சரிவுகளுக்குப் புறப்படும் நம் சங்கத் தோழர்களுக்குச் சொல்வேன்: தண்ணீரைத் திரும்பும் வழிக்காகக் கணக்கிடுங்கள். செல்லுமிடத்தை விடுதி நண்பர் ஒருவரிடமேனும் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். ஒரு தாள் போதும். எழுத ஐந்து நிமிடம் ஆகும்.