வெங்காற்றுச் சமையல்



எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வந்தாள். அவள் தமக்கை கொழும்பிலே வேலை செய்பவள். விடுமுறைக்கு வருகையில் எயார் பிரையர் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். "எண்ணெயே ஊற்றாமல் சொசேஜ் எப்படிப் பொரியும், சேர்?" என்று வினவினாள். "உங்கள் தோட்டத்து ஸ்டோரிலேயே விடை இருக்கிறது" என்றேன்.

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவினுள் வறண்ட காற்றாய் இறங்குவதை நாம் அறிவோம். ஆடி, ஆவணியில் வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது. ஸ்டோரிலோ, விசிறியால் கொழுந்தை வாட்டுகிறோம். இறுதியில் வெங்காற்றைச் செலுத்தி, ஈரம் ஏறக்குறைய 3 சதவீதமாகும் வரை உலர்த்துகிறோம். பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் தாம் அமைத்த உலர்த்தும் இயந்திரத்துக்குச் 'சிரொக்கோ' எனப் பெயரிட்டார். சகாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது.

2010ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்த எயார் பிரையரும் இவ்வினத்ததே. மேலே மின்கம்பிச் சுருள் காய்கிறது. விசிறி அவ்வெப்பத்தை உணவைச் சுற்றிச் சுழலச் செய்கிறது. அசையாத காற்று வெப்பத்தை விரைவில் கடத்தாது. வீசும் காற்றோ உணவின்மேல் படிந்த ஈரத்தை அகற்றி, மேற்புறத்தை உலர்த்திச் சிவக்க வைக்கிறது. சொசேஜினுள் கொழுப்பு உண்டு. ஆதலின் வேறு எண்ணெய் வேண்டுவதில்லை.

உறைந்த சொசேஜை இளகவிடாமலே இடலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது, காற்றுப் புக இடம் விட்டு, 180 பாகை செல்சியசில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடுக. பாதியில் ஒருமுறை புரட்டுக. மேற்புறம் சிவந்தாலும் நடுப்பகுதி குளிர்ந்திருக்கக் கூடும். கோழிச் சொசேஜ் நடுவே 74 பாகையை எட்டவேண்டும். வெப்பமானி இல்லாதோர் தடித்த ஒன்றை வெட்டி, உள்ளே ஆவி பறக்கிறதா எனப் பார்க்கட்டும்; ஐயமிருப்பின் மேலும் சில நிமிடம் வைக்கட்டும். பதுளைக் கடையில் வாங்குவோர் பஸ் ஏறுமுன் இறுதியாக வாங்குக. வழியில் முற்றும் இளகிவிட்டால் மீண்டும் உறைய வைக்காது, அன்றே சமைத்துவிடுக.

மறுவாரம் அம்மாணவி மீண்டும் வந்தாள். சொசேஜ் நன்கு வெந்ததாம். ஆனால் சுவரிலிருந்த பிளக் கருகி நாறிற்றாம். நான் திடுக்கிட்டேன். அவர்கள் வாழ்வது பழைய லயன். அப்பிளக் 5 அம்பியருக்கு உரிய சிறிய உருண்டைத் துளைப் பிளக். 1500 வாற்று வலுவுள்ள கருவியோ 230 வோல்ற்றில் 6.5 அம்பியர் இழுக்கும். தாங்காத கம்பி சூடேறும், சூடேறினால் தீப்பற்றும். ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் விழுங்கவல்லது.

ஆகவே, கருவி வாங்குமுன் மின்வேலை அறிந்தவரைக் கொண்டு கம்பிகளைப் பார்வையிடுக. 13 அல்லது 15 அம்பியர்ப் பிளக்கிலே நேரே பொருத்துக; கேத்தலையும் அதனோடு சேர்த்து மல்டி பிளக்கில் மாட்டாதீர். பிளக் கைக்குச் சுட்டால் உடனே நிறுத்திவிடுக.

அம்மாணவியின் வீட்டிலே இப்போது கம்பி மாற்றியாயிற்று. அதுவரை அவள் தாயார் சொசேஜைத் தாச்சியிலேயே வாட்டினார். அதுவும் சுவையாகவே இருந்ததாம்.