பிரெஞ்சுக்காரரை வியக்க வைத்த போத்தல்

தலைப்பைப் பார்த்ததும், "வாத்தியார் நமக்குக் குடிக்கவா கற்றுக்கொடுக்கிறார்?" என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம். கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தன என்பது உங்களுக்குத் தெரியும். இது குடியின் பெருமை பேசும் கட்டுரை அல்ல. ஒரு போத்தலுக்குப் பின்னால் நிற்கும் மண்ணையும் மனிதரையும் பற்றியது.

பாரிசில் ஒரு பரீட்சை

பிரான்சு நாட்டின் போர்டோ வட்டாரம் சிவப்புத் திராட்சை மதுவுக்கு உலகப் புகழ் பெற்றது. அதற்கு நிகர் வேறெங்கும் இல்லை என்பது பல தலைமுறைகளின் நம்பிக்கை.

1976ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய மது வணிகர் பாரிசில் ஒரு போட்டி வைத்தார். சிவப்பு மது வரிசையில் போர்டோவிலிருந்து 4, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து 6. பெயர்களை மறைத்து ஊற்றினார்கள். ருசித்து மதிப்பெண் போட்ட 9 பேரும் பிரெஞ்சு வல்லுநர்கள். முடிவு என்ன தெரியுமா? கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் உருவான 'ஸ்டாக்ஸ் லீப்' 1973ஆம் ஆண்டு மதுவே முதலிடம் பெற்றது! அந்த மதுப் போத்தல் ஒன்று இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதை உருவாக்கிய வாரன் வினியார்ஸ்கி சிகாகோவில் பாடம் நடத்திய ஆசிரியர். 1964இல் அந்த வேலையை விட்டு, குடும்பத்தோடு கலிபோர்னியா போனார். எடுத்த எடுப்பில் முதலாளி ஆகிவிடவில்லை. சிறிய மது ஆலை ஒன்றில் கையாளாக இருந்து தொழில் பழகினார். அந்த மதுவுக்குரிய கொடிகளை 1970இல் நட்டார். பரிசு வாங்கிய பழம் பறிக்கப்பட்டபோது அக்கொடிகளுக்கு வயது மூன்றே! 2024இல் அவர் காலமானார்.

சிலர் இதைச் சேகரிப்பது ஏன்?

கேபர்னே சோவிஞ்ஞோன் என்ற கருந்திராட்சைதான் இவ்வகை மதுவுக்கு முதுகெலும்பு. மெர்லோ போன்ற பிற இனங்களையும் அளவாகச் சேர்ப்பதுண்டு. சாறு தோலோடு நொதிக்கும்போது நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. பிறகு ஓக் மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். நல்ல மது போத்தலுக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் முதிரும். 2006இல் அதே பத்து மதுக்களையும் மறுபடி ருசித்தபோது, முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. நாள்பட நிற்கும் இந்த ஆற்றலுக்காகவே பணம் படைத்தவர்கள் வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள்.

ஒட்டுக்கட்டுவதை அறிந்த உங்களுக்கு இன்னொரு செய்தி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து சென்ற ஒரு சிறு பூச்சி, பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் மீண்டார்கள். நம் ரப்பர்க் கன்றைப் போலவே அங்கும் மேலே ஓர் இனம், கீழே ஓர் இனம்.

நிலத்தைக் காத்த சட்டம்

நாபா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளந்தான். சான் பிரான்சிஸ்கோ நகரம் அருகில் இருப்பதால், விளைநிலம் வீட்டு மனைகளாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1968இல் அம்மாவட்டம் அதை வேளாண் பாதுகாப்பு நிலமாக்கியது. 20 ஏக்கருக்கும் குறைவாகத் துண்டு போடக் கூடாது என்பது அன்றைய விதி. அன்று எதிர்ப்பும் இருந்தது. ஆனாலும் நிலம் பிழைத்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, பிறந்த லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுமா?

விளக்கைக் கட்டிய தலைகள்

அங்கே பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள். பழம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக இரவிலும் பறிக்கிறார்கள். தலையில் விளக்கு, கையில் வளைந்த சிறு கத்தி! விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

நாபாவில் வீட்டு வாடகை அதிகம். பழம் பறிக்க வந்தவர்கள் ஆற்றங்கரையிலும் வண்டிகளிலும் படுத்த காலம் உண்டு. 2002இல் தோட்டக்காரர்கள் தங்கள் திராட்சை நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். அதன் உதவியோடு, தலா 60 பேர் தங்கும் மூன்று விடுதிகள் நடத்தப்பட்டன. ஆனால் அவை தனியாக வந்த ஆண்களுக்கானவை. மனைவி மக்களோடு வந்தவர்களின் கவலை அதனால் தீரவில்லை.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் ரெய்னால்டோ ரொபிளேடோ. 1968இல் பதினாறு வயதில் திராட்சைத் தோட்டக் கூலியானார். கொடி கவ்வாத்தும் ஒட்டுக்கட்டும் தேர்ந்தார். சிறுகச் சிறுக நிலம் வாங்கினார். 2003இல் பக்கத்து மாவட்டமான சொனோமாவில் அவர் குடும்பத்தின் மது நிலையம், குடும்பப் பெயரோடு மக்களுக்குத் திறக்கப்பட்டது.

போத்தல் சீட்டில் ஊர், ஆண்டு, முதலாளி பெயர் எல்லாம் இருக்கும். பறித்தவர் பெயர் இருக்காது. ரப்பர்ப் பாளத்திலும் வெட்டியவர் பெயர் இருந்ததில்லை. அதனால் அந்தத் தொழிலுக்கு அறிவு தேவையில்லை என்று ஆகிவிடுமா? பட்டை காயாமல் வெட்டுவதும், ஒட்டு பிழைக்கும்படி கட்டுவதும் கல்விதான். உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிப் படிப்போடு அதுவும் அவர்களிடம் இருக்கட்டும்.