கண்டி வனத்தோட்டமும் காபன் சேமிப்பும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வீட்டைச் சுற்றிப் பல்வகை மரங்களை நெருக்கமாக வளர்த்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். தென்னை, கித்துள், பலா என்பன மேலடுக்கில் ஓங்கி நிற்கும். அவற்றின் கீழே கராம்பு, சாதிக்காய், கோப்பி ஆகியன வளரும். மிளகுக்கொடி மரங்களைப் பற்றி ஏறும். நிலமட்டத்தில் இஞ்சியும் மஞ்சளும் கிழங்குவகைகளும் இடம்பெறும். வருவாய்க்கென வளர்க்கப்படும் இத்தோட்டம், காபனைச் சேமித்து வைக்கும் களஞ்சியமுமாகும்.

காபன் சேரும் விதம்

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு பெருகிப் புவி வெப்பமடைகின்றது. மரம் இவ்வாயுவை இலைகளால் உள்ளெடுத்து, அதிலுள்ள காபனைத் தண்டாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கின்றது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு காபனாகும். எனவே 1,000 கிலோகிராம் உலர்ந்த மரத்திற் சுமார் 500 கிலோகிராம் காபன் உண்டு. இது வளியிலிருந்த ஏறத்தாழ 1,830 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகும்.

உதிர்ந்த இலைகளும் இறந்த வேர்களும் உக்கி மண்ணிற் சேதனப் பொருளாகின்றன. அதனால் மண் கறுத்து, பொலபொலப்பாகி, மழைநீரைப் பிடித்து வைக்கின்றது.

காபன் இழக்கப்படும் விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிச் செய்கைக்காக மலைநாட்டுக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டிற் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மூடுபயிரின்றி வெறுமையான சரிவில் விழும் மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். சேதனப் பொருள் மேல்மண்ணிலேயே மிகுதியாக உள்ளது. பல்லாண்டு சேர்ந்த வளம் சில பெருமழைகளில் மகாவலி கங்கையைச் சென்றடையலாம். காணி துண்டாடப்பட்டு மரங்கள் வெட்டப்படும் தோட்டங்களுக்கும் இவ்விழப்பு நேரும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. முதிர்ந்த மரத்தை வெட்டுமுன் அதனருகே கன்று நாட்டி வளர்க்கவேண்டும். பலா, ஈரப்பலா மரங்களை வெட்டுதல் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. முன் அனுமதி பெறுதல் அவசியம்.

2. வெட்டிய மரத்தைக் கதவாகவும் தளபாடமாகவும் பயன்படுத்தினாற் காபன் நெடுங்காலம் அதிலே தங்கும். எரித்தால் உடனே வளியிற் கலந்துவிடும்.

3. சருகைக் கொளுத்தலாகாது. அதனை மரத்தடியில் மூடுபடையாக இடவேண்டும்.

4. மிளகுக்குச் சீமைக்கிளுவையைத் தாங்குமரமாக நாட்டலாம். அது வளியிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். மிகுநிழல் மிளகின் விளைவைக் குறைக்குமாதலால், மழைக்காலத்திற் கிளைகளைக் கத்தரித்துத் தழையைப் பசளையாக இடவேண்டும்.

5. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டில் கல்லணையோ உயிர்வேலியோ அமைக்கவேண்டும்.

காபனுக்கெனத் தனியே பயிரிட வேண்டுவதில்லை. மிளகும் கராம்பும் பலாவும் பயன் தந்து நிற்கும் தோட்டத்தில் அது தானே சேரும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.